ஏழு பூச்சு வார்னிஷ்

வீட்டுக்கு வரும் கடிதங்களை அப்பா அம்மாவுக்கு வாசித்துச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாம். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது அந்த வேலை தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு நகரசபைக் கடிதம், மின்சாரக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகம் சந்திக்க நாள் குறித்து அனுப்பும் டேர்மின் கடிதம் எல்லாவற்றையும் நின்ற நிலையில் வாசிப்போம். விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போவோம். நம்மை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த நம்பிக்கையை வைத்து நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பது உங்களோடு இருக்கட்டும். நான் செய்ததை இங்கே சொல்கிறேன். தலை நரைத்த பிறகும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கடதாசிக் குழாய் இருக்கிறது. ஒரு முழத்தை விடக் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வருகிறவர்கள் சுவர்க்கடதாசி சுற்றி வந்த குழாயா என்று கேட்பார்கள். அது ஒரு விளையாட்டு ரொக்கெட்டின் உடல். அதற்கு மூக்கும் இல்லை, செட்டையும் இல்லை. ஒரு தடவையும் பறந்ததில்லை. அதன் பருமன் ஒன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டின் பருமன். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

அப்போது டொச் நாட்டு நகரமான வுப்பர்டாலில், ஆற்றங்கரையோரம், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். யன்னலுக்குச் சற்றுக் கீழே, ஆற்றுக்கு மேலே தொங்கியபடி, தொங்கு ரயில் போய் வரும். அப்பாவுக்குத் திருகாணி செய்யும் தொழிற்சாலையில் பகல் வேலை. அம்மா விடியப்புறம் அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்யப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்புவா. அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். பாண் பேக்கரியில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு மாவும் புளிப்புமாக மணந்துகொண்டு வருவார். நான் பள்ளிக்கூடம் போக, நான் எழும்பிய கட்டிலில் அவர் படுப்பார். இரவில் என் கட்டில், பகலில் அவர் கட்டில். அம்மா எனக்குப் பூப்போட்ட விரிப்பும் அவருக்கு நீல விரிப்புமாக நாளுக்கு இரண்டு தரம் மாற்றினா.

அந்தக் கட்டிலுக்குக் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சிகளில் ஒன்றை வெறுமையாக வைத்திருக்கும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது மச்சாளுக்கு. மாமாவின் மகள், என் வயது. மாமி முன்பே செத்துப்போனா. மச்சாள் ஊரில் இருக்கிறாள், பிறகு வருவாள் என்றார்கள். நானும் அந்த லாச்சியில் என் உடைந்த கிளிப் ஒன்றைக்கூட வைக்காமல் காத்திருந்தேன்.

மாமா பேச்சில் மெதுவானவர். ஆனால் தூக்கத்தில் கத்துவார். சத்தம் போட்டு அழுவது போல் இல்லை. தூரத்தில் போகிற ஒருவரைக் கூப்பிடுவது போல இருக்கும். பகல் பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் படிக்கட்டு முழுக்க இறங்கிப் போகும். மாசி மாதத்தில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பு மூன்று பேருக்கு என்றுதான் ஒப்பந்தம். நான்காவது ஆள் அயலவர்களுக்குத் தொந்தரவு. இன்னொரு முறை முறைப்பாடு வந்தால் அவர் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும். நான் அதை ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தேன். அப்பா திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு மூன்றாம் முறையும் சொன்னார்.

"கீழ்வீட்டுக் கிழவிதான் எழுதியிருக்கும்," என்றா அம்மா.

அதற்குப் பிறகு மாமாவின் தூக்கம்தான் எங்கள் வீட்டின் ஒரே கவலை. அவர் ஒரு தரம் கத்தினால் அவர் போக வேண்டும். கதிரைக் கால்களுக்குப் பழைய சொக்ஸ் போட்டோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணிக்கு வந்தால் மூன்று மணிவரை நான் வாயே திறக்கக் கூடாது. இரண்டு மணித்தியாலம் வாயை மூடி வைத்திருந்த பிள்ளை எப்படிப்பட்டது என்று என்னைத் தெரிந்தவர்கள் நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் குழாய் வந்தது. பள்ளிக்கூடத்தில் கைவேலை ஆசிரியர் ரொக்கெட் வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார். நான் பிந்திச் சேர்ந்ததால் பெட்டிக்குள் கடைசியாகக் கிடந்த குழாய்தான் கிடைத்தது, ஒரு முனை நசிந்தது. ஆசிரியர் அந்த முனையைச் சுற்றி நேர்க் கடதாசி ஒன்றை ஒட்டி, அதன் விளிம்போடு கத்தியை மெல்ல மெல்லச் சுற்றி, நசிந்த துண்டை வெட்டி எறிந்தார். ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை மேட்டு வயலில் எல்லோருடைய ரொக்கெட்டும் பறக்கும், அதற்குள் உடல் நேராகவும் முழுதாகவும் இருக்க வேண்டும் என்றார்.

அந்த மாதிரிக் கடதாசிக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலிருந்து கீழே ஒரு மெல்லிய பள்ளம் சுற்றிச் சுற்றி இறங்கும். கடதாசி நாடாவைச் சரிவாகச் சுற்றி ஒட்டிய இடம் அது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலில் தட்டுப்படும். அதைப் பட்டி என்கிற களிம்பைப் பூசி அடைத்து, அரத்தாளால் தேய்த்து, திரும்பப் பூசித் தேய்த்து வழுவழுப்பாக்குவதுதான் உண்மையான வேலை. மங்கல் வெளிச்சம் விழுகிற எங்கள் வீட்டில் வெயில் படுகிற இடம் ஒன்றே ஒன்று, கட்டில் தலைமாட்டு யன்னல் விளிம்பு. பூசிய குழாயைக் காய அங்கேதான் நிறுத்தி வைப்பேன்.

முதல் நாள் நிறுத்தி வைத்துவிட்டுப் போய் மத்தியானம் வந்து பார்த்தால், குழாயின் நடுவில் நசிவு. குழாய் விழுந்திருக்கவில்லை. வைத்த இடத்தில் நேராகவே நின்றது. ஒரு பக்கம் நான்கு சின்னப் பள்ளங்கள் வரிசையாக. மறுபக்கம் ஒன்று.

"நீதான் பூசேக்கை அமத்திப்போட்டாய்," என்றா அம்மா, நிமிர்ந்து பாராமல்.

"நானில்லை அம்மா."

"அப்ப ஆர்? சத்தம் போடாமல் போய்ச் சரிக்கட்டு."

சரிக்கட்டினேன். விளக்குமாற்றுத் தடியில் பத்திரிகைத் தாளைச் சுற்றித் தடிப்பாக்கி, குழாய்க்குள் விட்டு உருட்டி உள்ளிருந்து பள்ளத்தை வெளியே தள்ளினேன். மடிந்த இடத்தில் வெள்ளைப் பசையைத் தண்ணியாய்க் கரைத்துத் தடவினேன். காய்ந்ததும் மேலே பட்டி. அடுத்த இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே ஐந்து பள்ளங்கள். இம்முறை கடதாசி கிழிகிற அளவுக்கு. நசிந்த துண்டை முழுதாக வெட்டி எடுத்து, உள்ளே கொஞ்சம் ஒடுங்கிய குழாய்த் துண்டு ஒன்றைப் பசை தடவிச் செருகி, இரண்டு பாதியையும் சேர்த்தேன். பொருத்து எங்கே என்று ஆசிரியராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பொருத்துக்கு மேலேயே ஐந்து பள்ளங்கள்.

என் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, பள்ளங்கள் பெரிது. பிறகு மூக்கை வைத்துப் பார்த்தேன். பாண் வாசம் வந்தது. பேய்தான் என்று நினைத்தேன். பேய்க்குப் பாண் வாசம் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் வராது என்றும் யாரும் சொன்னதில்லையே. அந்தப் படுக்கையில் யார் படுக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். மாமா என் கண்ணை நேராகப் பார்த்து, "நான் தொடேல்லை பிள்ளை. அது உன்ரை சாமான், நான் ஏன் தொடப்போறன்?" என்றார். மாமா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் நடந்தது. மாமா கத்துவது நின்றுபோனது. அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்தது பலித்தது என்று சொன்னா. வேலைக் களைப்பு என்றார் அப்பா. வீடு முழுக்க ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. முன்பு சத்தம் வந்தால் உள்ளே மாமா இருக்கிறார் என்று தெரியும். இப்போது மூடிய கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஒரு நாள் பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மாமா, மச்சாள் பகலிலை இஞ்ச வாறவ போல."

அம்மா கேத்திலைத் தூக்கியபடியே நின்றா.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்டார் மாமா.

"ஆரோ என்ரை குழாயை எடுத்து வைச்சிருந்திட்டுத் திருப்பி வைக்கினம். மச்சாளுக்குத்தானே இந்தக் கட்டில். லாச்சி இன்னும் வெறுமையாய்த்தான் கிடக்கு. ஆனா அவ வந்திட்டா போல கிடக்கு."

மாமா எழுந்து போனார். சமையலறைத் தொட்டியடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கை கழுவினார். சவர்க்காரம் போடவில்லை. வெறும் தண்ணீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"மேசையிலை இருந்து விசர்க் கதை கதையாதை," என்றா அம்மா. அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் தலையைத் தடவினா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். தொங்கு ரயில் நிலையத்தடியில் வீதியைக் கடக்கையில் என் கையைப் பிடித்தார். விரல்களை அல்ல, மணிக்கட்டை. கடந்து முடிந்த பிறகும் விடவில்லை. பிடி இறுகிக்கொண்டே வந்தது.

"விடுங்கோ மாமா, நோகுது."

தன் கையைத் தானே முதல் தடவை காண்பவர் போலப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள் குஞ்சு. பிடிச்சிருந்தது தெரியேல்லை."

என் மணிக்கட்டில் ஒரு பக்கம் நான்கு சிவப்புத் தடங்கள். மறுபக்கம் ஒன்று.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொன்னால் பொய். யார் என்பது விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. தூக்கத்தில் மாமா எதையோ பிடித்து நசிக்கிறார், அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். கோபம்கூட வரவில்லை. பேய் இல்லை என்ற சந்தோஷத்தில் கடையில் இரண்டு ஐஸ்கிரீம் கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை அந்தத் தடங்கள் நீலமாகியிருந்தன. ரொக்கெட் வகுப்பில் சட்டைக் கையை மடித்துவிட்டு அரத்தாள் போடும்போது ஆசிரியர் கண்டுவிட்டார். மேசையில் கிடந்த நசிந்த குழாயைப் பார்த்தார். திரும்ப என் கையைப் பார்த்தார்.

"வீட்டில் யாராவது உன்னை இப்படிப் பிடிக்கிறார்களா?"

"இல்லை. விழுந்தனான்," என்றேன் டொச் மொழியில்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வகுப்பு முடிகையில் ஒட்டிய உறை ஒன்றைத் தந்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "என்னவாம்?" என்றா. நான் நின்றபடி பிரித்தேன். உங்கள் மகளின் கையில் அடையாளங்கள் கண்டேன், வீட்டில் நிலைமை பற்றிப் பேச விரும்புகிறேன், கூடிய விரைவில் ஒரு டேர்மின் தாருங்கள் என்று எழுதியிருந்தது. இதை வாசித்தால் மாமாவை யாரோ வந்து கூட்டிப் போய்விடுவார்கள். அம்மா காத்துக்கொண்டு நின்றா. என் மற்றக் கையில் குழாய் இருந்தது.

"ரொக்கெட் விடுற சனிக்கிழமைக்கு முதல் குழாயை நல்ல வழுவழுப்பாக்கி, வார்னிஷ் பூசிக்கொண்டு வரட்டாம். ஒரு பள்ளமும் இருக்கக்கூடாதாம்."

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தா. "வார்னிஷோ? உப்பிடியே விட்டால் காணாதோ? கடதாசியாய் இருக்கிறதுதானே நல்லாய் இருக்கு."

"காணாதாம். கட்டாயமாம்."

அம்மாவுக்கு அந்தச் சொல் போதும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் சொன்னால் அது சட்டம். "அப்ப செய்யத்தானே வேணும்," என்றா. முகம் ஏன் அப்படிப் போனது என்று நான் யோசிக்கவில்லை. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன், கூடவே ஒரு தகரம் வார்னிஷும் கிடைக்கப்போகிறது. ஆசிரியரிடம் அம்மாவுக்கு வேலை, பிறகு வருவா என்று சொல்லி வைத்தேன். இரண்டு பக்கமும் பொய்யை அடைத்து, நன்றாகத்தான் தேய்த்துவிட்டேன்.

அப்பா மறுநாள் வார்னிஷ் வாங்கி வந்தார். படகுகளுக்குப் பூசுகிற வகைதான் உறுதியானது என்று கடைக்காரர் கொடுத்ததாம். தகரத்தில் ஒரு படகின் படம் இருந்தது. அம்மா அதைக் கண்டதும் தகரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தா.

ஈர வார்னிஷில் தூசி படாமல் இருக்க வேலையை நிலவறைக்கு மாற்றினேன். முதலில் குழாயின் சுற்றுப் பள்ளத்தில் இன்னும் எஞ்சியிருந்ததையும் பட்டியால் அடைத்து, விரலுக்குத் தட்டுப்படாத மட்டும் தேய்த்தேன். பிறகு நாளுக்கு ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த பூச்சு. ஏழு நாள் குழாய் மேலே வரவில்லை. அந்த ஏழு நாளும் மாமா சரியாகத் தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் முனகல் கேட்கும். அம்மா உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவா. ஒவ்வொரு பின்னேரமும் என்னிடம் கேட்பா, "இன்னும் காயேல்லையோ?" என் வேலையில் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறதே என்று எனக்குப் பெருமை.

ஒரு நாள் நிலவறையில் கீழ்வீட்டுக் கிழவி விறகுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. எப்போது வந்தா என்று தெரியாது.

"உங்கள் மாமா இப்போது கத்துவதில்லையே. நன்றாகத் தூங்குகிறாரா?"

நான் பதில் சொல்லாமல் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உளவு பார்க்கிறா என்று வீட்டில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஏழாவது பூச்சும் காய்ந்தது. அப்படி ஒரு மினுக்கத்தை அதற்கு முன் நான் கையால் உண்டாக்கியதில்லை. யன்னல் விளிம்பில் நிறுத்தினேன். தொங்கு ரயில் போகும்போது அதன் பிம்பம் குழாயில் ஓடியது. தடவினால் கை ஓரிடத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இனி யாராலும் நசிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு ஆசிரியருக்குச் சுகமில்லாததால் பன்னிரண்டுக்கு முன்பே எங்களை விட்டுவிட்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். படுக்கை அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. யன்னல் மறைப்பின் கீற்றுகளால் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்திருந்தது. மாமா மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கையில் என் குழாய். அம்மா கட்டிலருகே நிலத்தில் இருந்தா. என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தா.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒரு விரலில் எனக்கு அது விளங்கியது. அவ ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, அவர் பிடி தளர்ந்த பிறகு குழாயை எடுத்து, நான் வைத்தது போலவே திருப்பி நிறுத்தியிருக்கிறா.

மாமாவின் விரல்கள் குழாயில் இறுகின. வழுக்கின. அவர் திரும்பப் பிடித்தார். கண் மூடியே இருந்தது. கை குழாயின் மேல் ஏறி இறங்கி எதையோ தேடியது, விரல் தட்டுப்படும் அந்தப் பள்ளத்தைத்தான் தேடியது என்று நினைக்கிறேன். நான் அதைத்தான் ஏழு நாளாக இல்லாமல் ஆக்கியிருந்தேன். இன்னொரு தரம் இறுக்கிப் பிடித்தார். வெளியே ரயில் போனது. வெளிச்சக் கோடுகள் அவர் மேல் தண்ணீர் போல் அசைந்தன. குழாய் அவர் கையிலிருந்து நழுவி, கட்டில் விளிம்பில் பட்டு, கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது.

"பிள்ளை, கையை விடாதை," என்றார் மாமா, சாதாரணக் குரலில். பிறகு கத்தினார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா அவர் வாயைப் பொத்தினா, தோளைப் பிடித்து உலுக்கினா. கண் விழித்ததும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். காய்ந்த கைகளை நீல விரிப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே ஒரு கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மணி அடித்தது. நாங்கள் மூவரும் கதவைத் திறக்கப் போகவில்லை. இரண்டாம் முறை அடித்தது. பிறகு செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. சற்று நேரத்தில் திரும்ப ஏறி வந்து, கதவின் கீழால் மடித்த கடதாசி ஒன்று உள்ளே வந்தது.

அப்பா வரும்வரை யாரும் அதைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு அப்பா வந்தார். மாமா தன் பையை ஏற்கனவே அடுக்கியிருந்தார். "என்னாலை உங்களுக்கு வீடு போகக்கூடாது அத்தான். ஹனோவரிலை எங்கடை ஊர்ப் பெடியள் இருக்கினம். நான் போறன்."

அம்மா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டா. ஒரு மூச்சில் சொன்னா. கடல்நீரேரியைக் கடக்கும்போது படகு கவிழ்ந்ததாம். மாமா மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தாராம். கரை தெரிகிற நேரத்தில் அது வழுக்கிவிட்டதாம். "அந்தக் கடதாசிக் குழாயைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தால் அவன் நித்திரை கொண்டான். பள்ளிக்கூடம் சொல்லாட்டி நான் உதை வார்னிஷ் பூச விட்டிருப்பனோ?"

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "பள்ளிக்கூடம் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா," என்றேன். உண்மையில் என்ன எழுதியிருந்தது என்று அழுதழுது சொன்னேன். அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்த்த பார்வை, அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு கதவடியில் கிடந்த கீழ்வீட்டுக் கிழவியின் கடதாசியை நானே எடுத்து விரித்தேன். வேறு யார் வாசிப்பது? ஒரு சொல்லையும் தாண்டாமல் வாசித்தேன். இன்று கத்தியவரைத் தயவுசெய்து வெளியே அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்காரருக்கு எழுதியது நான் இல்லை. சின்ன வயதில் குண்டு விழுந்த வீட்டுக்குள் இருந்து என்னைத் தோண்டி எடுத்தார்கள். பல வருடம் நானும் தூக்கத்தில் கத்தினேன். எனக்கு உதவிய வைத்தியர் இன்னும் இருக்கிறார். நான் கூட வருகிறேன்.

அப்பா கதிரையில் சாய்ந்தார்.

"பள்ளிக்கூடக் கடிதத்திலை வார்னிஷ் எழுதியிருந்தது. இதிலை டொக்டரோ?"

"உண்மையாய் அப்பா. இஞ்ச பாருங்கோ."

அவர் பார்த்தார். கோணல் மாணலான கிழட்டுக் கையெழுத்து. அவரால் அதில் என்ன பார்க்க முடியும்? "மாமா போகக்கூடாது எண்டு சொல்லுறாய். விளங்குது. ஆனா இனிப் போதும், உன்ரை வாசிப்பு," என்றார். குரலை உயர்த்தவில்லை. அம்மா கடதாசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டா.

சனிக்கிழமை மேட்டு வயலில் மற்றவர்களின் ரொக்கெட்டுகள் பறந்தன. நான் போகவில்லை. நிலவறையில் இருந்து குழாயைத் தேய்த்தேன், இந்த முறை திருப்பி. ஏழு பூச்சையும், அதற்கடியில் இருந்த பட்டியையும். பின்னேரம் அந்தச் சுற்றுப் பள்ளம் திரும்பவும் விரலில் தட்டுப்பட்டது. என் நகக்கண்ணெல்லாம் இரத்தம்.

ஞாயிறு காலை ரயில் நிலையத்தில் அதை மாமாவிடம் நீட்டினேன்.

"இது உன்ரை ரொக்கெட் எல்லோ பிள்ளை? எனக்கேன்?" என்று சிரித்தார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. விழித்திருந்த ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வாங்கிக்கொள்வார். அம்மா வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் என் மணிக்கட்டை நீட்டினேன். மாமா அதை இரண்டு விரலால் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். ரயில் போன பிறகு பார்த்தேன். ஒரு தடமும் இல்லை.

முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றும் பிறகு வரவில்லை. வீட்டுக்காரருக்கு எழுதியது யார் என்பது கடைசிவரை தெரியாது. கீழ்வீட்டுக் கிழவியை நாங்கள் படிக்கட்டில் கண்டால் தலையைக் குனிந்துகொள்வோம். அவவும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அவ செத்துப்போனா. மாமா திரும்ப எங்களோடு வந்து தங்கவில்லை, கலியாணமும் செய்யவில்லை. போன பனிக்காலத்தில் ஹனோவரிலேயே காலமானார். அவரோடு அறையில் இருந்தவர் செத்த வீட்டில் சொன்னார்: "அண்ணை படுக்கிறதில்லை அக்கா. இவ்வளவு வருசமும் கதிரையிலை இருந்தபடிதான் நித்திரை. கை இரண்டும் தொடைக்குக் கீழை."

அப்பா இல்லை இப்போது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறா. அவவுக்கு வருகிற கடிதங்களை இப்போதும் நான்தான் வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் கேட்பா, "உள்ளதைத்தானே வாசிச்சனி?" கிண்டல் மாதிரித்தான் கேட்பா. நானும் சிரித்துக்கொண்டு ஓம் என்பேன்.

மாமாவின் செத்த வீடு முடிந்து ஹனோவரிலிருந்து திரும்பிய பின்னேரம், அம்மா தன் பைபிளுக்குள் இருந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்தா. மடிப்பில் கிழிந்து, பழுப்பேறியிருந்தது. கோணல் மாணலான கையெழுத்து.

"இதை ஒருக்கா வாசி," என்றா.

நின்றபடியே வாசித்தேன். வெளியே அனுப்பிவிடாதீர்கள். எழுதியது நான் இல்லை. தோண்டி எடுத்தார்கள். வைத்தியர். நான் கூட வருகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. சில இடங்களில் எனக்கு முன்பே அவவின் உதடு அசைந்தது. முடிந்ததும் நான் அந்த வழமையான கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அம்மா அதைக் கேட்கவில்லை.

"அண்டைக்கும் இதைத்தான் வாசிச்சனி," என்றா.

"ஓம் அம்மா," என்றேன்.